ஏற்றத்தில் இறங்குபவர்

கஹவத்தை பஜாரில் சுந்தரலிங்கத்தின் சைக்கிள் கடையில் உதயகுமார் பழைய கேரியர் ஒன்றை வாங்கித் தன் சைக்கிளின் பின்னால் பூட்டிக்கொண்டான். சாப்பாட்டுப் பையையும் மழைக்கோட்டையும் கட்டிவைக்கத்தான். தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து பஜாரில் அவன் வேலை செய்யும் கடைக்கு ஐந்து மைல்.

மறுநாள் காலையே சைக்கிள் பின்னால் கனத்தது. கோயில் ஏற்றம் வந்ததும் சட்டென்று லேசானது. கேரியரில் டபுள்ஸ் வருகிற ஆள் ஏற்றத்தில் இறங்கி, பின்னாலிருந்து தள்ளிக்கொடுப்பது தோட்டத்து வழக்கம். எப்போதும் உருட்டிக்கொண்டு போகும் ஏற்றத்தை அன்று அவன் மிதித்தே ஏறினான். உச்சியில் மறுபடி கனத்தது. ஒரு வாரம் முழுதும் இப்படியே. பின்னால் கனம் ஏறும்வரை உச்சியில் காலூன்றிக் காத்து நிற்கப் பழகியிருந்தான். அதுதான் அவன் தூக்கத்தைக் கெடுத்தது.

சனிக்கிழமை சுந்தரலிங்கம் பின்சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தார்.

“கம்பியெல்லாம் வளைஞ்சிருக்கே தம்பி. யாரை டபுள்ஸ் ஏத்துறீங்க?”

“யாரையும் இல்லைங்கண்ணே. இந்தக் கேரியரைக் கழட்டிருங்க. நீங்களே வச்சுக்கங்க.”

திங்கட்கிழமை பையை முதுகில் மாட்டிக்கொண்டு கிளம்பினான். சைக்கிள் லேசாக ஓடியது. ஏற்றத்தில் இறங்கி உருட்டினான், யாரும் தள்ளிக்கொடுக்கவில்லை. உச்சியில் நிற்காமல் ஏறி வேகமாக மிதித்தான்.

இறக்கம் தொடங்கியது. முன்சக்கரம் மெல்ல அமுங்கியது. சீட்டுக்கு முன்னாலிருந்த பாரில், ஹேண்டிலைப் பிடித்திருந்த அவன் இரண்டு கைகளுக்கும் நடுவே, யாரோ வாகாக உட்கார்ந்தார்கள்.

வளைவு வந்தது. அவன் விரல் படாமலே மணி அடித்தது.