அரை இட்லி

“உன் பொண்ணு இன்னிக்குக் காலைல என்ன சாப்பிட்டா?”

வீரபாகு போனில் கேட்ட தோரணையைப் பார்த்தால், எதிர்முனையில் பேசுகிறவள் ஒரு திருடி என்றுதான் நினைக்கத் தோன்றும்.

“அரை இட்லி சார். அதுவும் கதை சொல்லிச் சொல்லி ஊட்டுனேன்.”

“நேத்து இடியாப்பம்னு சொன்னியே?”

“அது நேத்து சார். இது இன்னிக்கு.”

வீரபாகு நோட்டில் ‘அரை இட்லி’ என்று எழுதிக்கொண்டார். “பக்கத்துக் கட்டில்ல யாருன்னு சொன்னே?”

“செய்யாறு பையன் சார். எங்க எஸ்தரோட பொம்மையைப் புடுங்கிக்கினே இருப்பான்.”

போனை வைத்ததுதான் தாமதம், பில் போடும் அம்சவேணி பொரிந்து தள்ளினாள். குழந்தையின் ஆபரேஷனுக்கு உதவி கேட்டு, தாயின் போன் நம்பரோடு வந்த செய்தியைக் கடை வாட்ஸப் குழுவில் போட்டவளே அவள்தான்.

“ஏண்ணா, நாலு வயசுக் கொழந்தை, இதயத்துல ஓட்டை, வெள்ளிக்கிழமை ஆபரேஷன். பெத்தவ எப்படித் துடிச்சிக்கினு இருப்பா? அவகிட்டப் போயி இட்லியா இடியாப்பமான்னு! குடுக்க மனசு இல்லன்னா சும்மாவாவது இருக்கலாம் இல்ல?”

“மனசு இருக்குதும்மா. அதனாலதான் கேக்குறேன்.”

“நானெல்லாம் ரெண்டே நிமிஷத்துல ஐந்நூறு போட்டுட்டேன்.”

“யாருக்குப் போட்டே?”

அம்சவேணி கம்ப்யூட்டரைத் தட்டத் தொடங்கினாள்.

வீரபாகுவுக்கு வேலையே சந்தேகப்படுவதுதான். காந்தி ரோட்டில் அவர் வேலை பார்க்கும் பட்டுக் கடைக்கு வரும் ஒவ்வொரு புடவையும் அவர் கையைத் தாண்டித்தான் அலமாரி ஏற வேண்டும். விரித்துப் பார்ப்பார், திருப்பிப் போட்டுப் பார்ப்பார், சரிகையை உரசிப் பார்ப்பார். கொண்டு வந்தவரிடம், சரிகை எங்கே வாங்கியது என்று வந்ததும் ஒரு தரம், டீ குடிக்கும்போது ஒரு தரம், கிளம்பும்போது ஒரு தரம் கேட்பார். பொய் சொல்கிறவர்கள் இரண்டாவது தரமே உளறிவிடுவார்கள் என்பது அவர் அனுபவம்.

அப்பேர்ப்பட்டவரே இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஏமாந்தார். மூக்கில் குழாயோடு ஒரு குழந்தை, ‘இன்னும் மூன்று மணி நேரம்தான்’ என்று ஒரு கெஞ்சல், கீழே ஒரு போன் நம்பர். பதறிப்போய் ஏழாயிரம் அனுப்பினார். மறு மாசமே அதே குழந்தை, அதே குழாய். பேர் வேறு, வியாதி வேறு, நம்பர் வேறு!

பணம் போனதைக்கூட மறந்துவிட்டார். ஆனால் அதற்குப் பிறகு எந்தக் குழந்தையின் படத்தைப் பார்த்தாலும் இரக்கம் வருவதற்கு முன்னால் சந்தேகம் வந்து நின்றது. அதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. இந்த எஸ்தருக்காவது மனசாரக் கொடுத்துவிட வேண்டும் என்று கிடந்து தவித்தார்.

வியாழக்கிழமை, செய்தியில் வந்த லிங்கைத் தொடாமல், நிதி திரட்டும் தளத்தின் பெயரைத் தானே தட்டித் தேடினார். இருந்தது. திருப்புட்குழி ஜான்சன், சிம்ரன் தம்பதியின் மகள் எஸ்தர். ஆஸ்பத்திரிக் கடிதமும் இருந்தது. பணம் யார் கைக்கும் போகாமல் நேராக ஆஸ்பத்திரிக் கணக்குக்குப் போகும் என்று போட்டிருந்தது. அதோடு விடாமல் ஆஸ்பத்திரியின் சொந்த நம்பரைக் கண்டுபிடித்துக் கூப்பிட்டார்.

“அந்தக் கடிதம் நாங்க குடுத்ததுதான் சார்” என்றார்கள்.

இருந்தாலும் பழக்கம் விடுமா? மூன்றாம் நாளாக சிம்ரனைக் கூப்பிட்டார்.

“இன்னிக்கு என்ன சாப்பிட்டா?”

“எதுவுமே வேணான்னுட்டா சார். நாளைக்கு ஆபரேஷன்னு யாரோ சொல்லிட்டாங்க. பயந்துகினு என் மடியிலேயே படுத்துக்கினு இருக்கா.”

வீரபாகுவுக்கு நோட்டில் என்ன எழுதுவதென்று தெரியவில்லை. மூடி வைத்துவிட்டார்.

தளத்தில் கேட்டிருந்த தொகைக்கு இன்னும் பன்னிரண்டாயிரம் பாக்கி இருந்தது. அதை அப்படியே போட்டார். பேர் போட வெட்கமாக இருந்தது, போடவில்லை.

“அம்சவேணி, அந்த லிங்க்கும் இதே தளம்தான். உன் ஐந்நூறு சரியான எடத்துக்குத்தான் போயிருக்குது.”

“அதான் எனக்கு மொதல்லயே தெரியுமே!” என்றாள் அவள், பெரிதாக ஒரு மூச்சு விட்டு.

வெள்ளி போயிற்று. சனி, ஞாயிறும் போயிற்று. ஆபரேஷன் என்ன ஆயிற்றென்று கேட்க வீரபாகுவின் கை போனுக்குப் போகும், திரும்பி வந்துவிடும். மூன்று நாள் அந்தத் தாயைக் குடைந்து எடுத்துவிட்டு, இப்போது எந்த முகத்தோடு கூப்பிடுவது?

திங்கட்கிழமை காலை, அவர் வழக்கமாகக் கூப்பிடும் அதே பத்து மணிக்கு, சிம்ரனே கூப்பிட்டாள்.

“ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சிடுச்சுண்ணா. எஸ்தரை வார்டுக்கு மாத்திட்டாங்க.”

வீரபாகுவுக்குக் கண் கலங்கிவிட்டது. “என்னை மன்னிச்சிடும்மா. நான் உன்னைச் சந்தேகப்பட்டுத்தான் அத்தனை கேள்வி கேட்டேன்.”

“அது மொத நாளே தெரிஞ்சுதுண்ணா.” சிம்ரன் சிரித்தாள். “எவ்ளோ பேரு பணம் போட்டாங்க. அவங்க புள்ளகுட்டிங்க நல்லா இருக்கணும். நீங்க போட்டீங்களா இல்லியான்னு எனக்குத் தெரியாது. ஆனா எம் பொண்ணு என்ன சாப்பிட்டான்னு தெனம் கேட்டது நீங்க ஒருத்தருதாண்ணா. மூணு நாளா நீங்க கேக்கவே இல்லியே, அதான் நானே போன் பண்ணேன். இன்னிக்கு முழு இட்லி சாப்பிட்டாண்ணா!”