ஒரு வார்த்தை ஜெபம்

ஜெபகனிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. டிவியில் பார்த்துப் பார்த்து ரசித்த நடிகர் ஜெகமாறன், தக்கலையில் அவள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"ஏட்டி ரெஜிலா, ஓடி வா! ஆரு வந்திருக்கான்னு பாரு!"

வீட்டில் துணைக்கு இருக்கும் ரெஜிலா எட்டிப் பார்த்துவிட்டு, வழக்கமாக வருகிறவரைப் பார்த்ததுபோல் டீ போடப் போனாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதற்குத்தான் ஆச்சரியம் வரும் என்று ஜெபகனிக்கு எரிச்சலாக இருந்தது.

"இரியுங்க சார். ஆரல்வாய்மொழி கரண்டு காத்தாடிப் பக்கம் ஷூட்டிங்கா?"

"ஆமாங்க. அப்படியே உங்களையும் பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

நல்ல மனுஷன். எவ்வளவு பெரிய நடிகர், ரசிகையைத் தேடி வீட்டுக்கே வந்திருக்கிறார்!

"உங்க படம் ஒண்ணு விடமாட்டேன் சார். போலீசா வந்தது, கண்ணு தெரியாதவரா வந்தது, எல்லாம் பாத்தாச்சு. நீங்க செத்துப்போற படம் மட்டும் எனக்கு ஆவாது. டிவியை நிறுத்திப் போடுவேன்."

ஜெகமாறன் சிரித்தார்.

"முதல்ல ஒரு படத்துல ஹீரோவுக்குப் பின்னால குடை பிடிச்சிட்டு நின்னீங்களே. முதுகு மட்டுந்தான் தெரியும்."

சிரிப்பு சட்டென்று நின்றது. அவர் நாற்காலியின் நுனிக்கு வந்தார். "அது நான்தான்னு யாருக்குமே தெரியாதே. உங்களுக்கு யார் சொன்னது? கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்க."

ஜெபகனி யோசித்தாள். யாரோ சொன்னதுபோல் இருந்தது, முகம் மட்டும் நினைவுக்கு வரவில்லை. "ஏதாவது புக்குல வாசிச்சிருப்பேன் சார்."

அவர் மெல்லச் சாய்ந்து உட்கார்ந்தார். ரெஜிலா வைத்துவிட்டுப் போன டீயைத் தொடவே இல்லை.

இதைவிட்டால் இப்படி ஒருவரை எங்கே பிடிப்பது? ஜெபகனி தயங்கித் தயங்கிக் கேட்டே விட்டாள்.

"சார், ஒரு உபகாரம் செய்யணும். எங்க வீட்டுக்காரரும் சினிமாவுல நடிக்கணும்னு மெட்ராசுக்குத்தான் போனாரு. சுந்தர்சிங்னு பேரு. மெலிஞ்ச ஆளு, சுருட்டை முடி. தின்னாரா, பட்டினி கெடக்காரான்னு ஒரு விவரமும் இல்ல. அங்க எங்கயாவது கண்டா வரச் சொல்லுங்க. நடிக்கக் கிடைக்கல்லன்னாலும் பரவாயில்ல, வீட்டுக்கு வந்தா போதும்."

பகலில் வாசல் கதவைச் சாத்தவே அவள் விடமாட்டாள். வீட்டுக்காரர் வந்து, மூடிய கதவைப் பார்த்துத் திரும்பிவிட்டால்? வழி பார்த்துப் பூத்துப்போன கண்கள் நிறைந்து வழிந்தன.

ஜெகமாறன் தலையை மட்டும் ஆட்டினார்.

அவர் கிளம்ப எழுந்தபோது ஜெபகனி விடவில்லை. "ஒரு வார்த்தை ஜெபம் பண்ணிட்டுப் போங்க சார். எங்க வீட்டுக்கு வாறவங்க ஜெபிக்காமப் போறதில்ல. நீங்க எங்களப் போல வேதக்காரரு இல்லன்னாலும் ஆண்டவர் கேப்பாரு. எங்க வீட்டுக்காரரு திரும்பி வரணும்னு மட்டும் ஜெபிங்க."

முக்காடு போட்டுக்கொண்டு கண்களை மூடி முழங்காலில் நின்றாள். பக்கத்தில் அவரும் மண்டியிடுவது தெரிந்தது. முதலில் விம்மல்தான் கேட்டது.

படத்தில் அவர் அழுதால் தியேட்டரே சேர்ந்து அழும். பாவம், யார் வீட்டுத் துயரத்துக்கோ இங்கேயும் இப்படி அழுகிறாரே என்று ஜெபகனிக்கு அவர்மேல் இரக்கமாக இருந்தது.

பிறகு அந்தக் குரல் வந்தது. படங்களில் கேட்ட தமிழ் அதில் இல்லை.

"ஆண்டவரே, எனக்க பொண்டாட்டிக்கு ஒருக்காவது என்னைய அடையாளம் காட்டும்."