விளிம்பைப் பிடித்தவர்

அன்று முதலில் வந்தது காற்றா, மழையா என்று ஆறுமுகசாமிக்கு இப்போது சரியாக நினைவில்லை. மைசூருக்குத் தெற்கே, கபினி அணையின் நீர்த்தேக்கத்தில் தன் பரிசல் கவிழ்ந்ததும், "யாராச்சும் வாங்கப்பா!" என்று அவர் அலறியது மட்டும் நிச்சயம்.

கரைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பரிசல் திரும்பி வந்தது. நடுவில் சட்டையில்லாமல் இஸ்ரவேல் உட்கார்ந்திருந்தான். வலை போடும் இடத்துக்காகச் சண்டை போட்டு, இருவரும் பேசி இரண்டு வருடமாகியிருந்தது.

"கையைக் கொடுத்து உள்ளே இழுடா!"

"விளிம்பைப் பிடிச்சிக்கிட்டே வாங்கண்ணே."

"கால் மரத்துப்போச்சுடா. நான் செத்தா உனக்குச் சந்தோசமா?"

இஸ்ரவேல் அசையவில்லை. உட்கார்ந்தபடியே துடுப்புப் போட்டான்.

"பழி தீர்க்கிறியா? இதைத்தான் உங்க மாதா கோயில்ல சொல்லிக்கொடுத்தாங்களா?"

இஸ்ரவேல் கரையைப் பார்த்தபடி துடுப்பை இன்னும் வேகமாகப் போட்டான்.

கரையோரம் கால் தரை தட்டியதும், ஆறுமுகசாமி அடிக்கக் கை ஓங்கினார். இஸ்ரவேல் மெல்ல எழுந்தான். அவன் உட்கார்ந்திருந்த இடத்தில், சுருட்டி அடைத்த சட்டையைத் தள்ளிக்கொண்டு தண்ணீர் பீறிட்டது.

"நீங்க கூப்பிடறதுக்கு முன்னாடியே தண்ணிக்குள்ள கிடந்த கட்டை பரிசலைக் குத்திக் கிழிச்சிருச்சுண்ணே. சொன்னா பயந்து கையை விட்டுருவீங்கன்னு சொல்லலை."

பரிசல் இரண்டும் போயின. இஸ்ரவேல் மைசூர் விஜயநகரில் ஓர் அடுக்குமாடிக்குக் காவலாளியானான். ஆறுமுகசாமி அதன்பிறகு தண்ணீரில் இறங்கவில்லை. அவர்கள் சண்டை போட்ட இடத்தில் இப்போது வேறு யாரோ வலை போடுகிறார்கள்.