செல்வினின் பக்கத்துக்கு அடியில்

இயந்திரத்தின் ஊசிக் கை மகள் ரெனியின் தோளை நோக்கி இறங்கத் தொடங்கியதும் ஜெசிந்தா கத்திவிட்டாள்.

"பெனிசிலின் இவளுக்கு ஆகாது! நிறுத்துங்க சிஸ்டர்!"

"உங்க வீட்டு வெப்சைட்ல அப்படி ஒண்ணும் இல்லையேக்கா. மெஷின் அதைத்தான் படிக்கும். நான் சொன்னாக்கூட கேக்காது," என்றாள் நர்ஸ்.

ஜெசிந்தாவுக்கு விளங்கிவிட்டது. ரெனியின் மருத்துவக் குறிப்புகளை எழுதியவன் அவள் கணவன் செல்வின். எல்லாவற்றையும் அந்த வெப்சைட்டில் தன் பெயரில் இருந்த பக்கத்துக்கு அடியில்தான் அடுக்கியிருந்தான். போன மாதம் மகளோடு அந்த வீட்டை விட்டு ஓடிவந்த அன்றே அவன் பக்கத்தை அவள் மறைத்துவிட்டாள். அடியில் இருந்தவையும் சேர்ந்தே மறைந்துபோயிருக்கின்றன.

"என் வீட்டுக்காரர் பக்கத்தை நான் மறைச்சு வச்சிருக்கேன். அதுக்கு அடியில இருக்கிற அந்தக் குறிப்பை மட்டும் வெளிய எடுக்க முடியாதா?"

"அதுக்கு அவர் சம்மதிக்கணும். முழுப் பக்கத்தையும் திறந்தீங்கன்னா உடனே வந்துடும். சீக்கிரம்க்கா!"

செல்வின் முறித்த அவள் மணிக்கட்டு இன்னும் சரியாகச் சேரவில்லை. அந்தக் கையாலேயே போனில் 'வெளியிடு' என்பதை அழுத்தினாள்.

ஊசி தோளுக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது. பிறகு மெல்லத் திரும்பிப் போனது.

திரையில் இரண்டு வரிகள் வந்தன. 'பக்கம் மீண்டும் வெளியானது. உரிமையாளர் செல்வினுக்கு உங்கள் இருப்பிடத்துடன் தகவல் அனுப்பப்பட்டது.'

ஜெசிந்தா ரெனியை வாரி எடுத்துக்கொண்டாள்.

"சிஸ்டர், இந்த ரூமுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கா?"