அப்பாவின் பயம்

உணவு ஆலோசகரின் எதிரே உட்கார்ந்திருந்த கல்லூரிப் பெண் தாடையைக் கையால் மறைத்துக்கொண்டாள்.

"நாலு மாசமா தள்ளிப்போகுது மேடம். முகத்துல முடி வேற, உடம்பும் போட்டுடுச்சு. வீட்டுல எல்லாரும் சோம்பேறின்னு திட்டறாங்க."

"சோம்பேறித்தனம் இல்லம்மா, சினைப்பை நீர்க்கட்டி. உன் மேல ஒரு தப்பும் இல்ல."

அந்த வயதில் தன்னிடம் யாரும் இதைச் சொல்லவில்லையே என்று ஆலோசகர் நினைத்துக்கொண்டார். பிறகு எழுதத் தொடங்கினார்.

"பட்டினி மட்டும் கிடக்காதே. இனிப்பையும் மைதாவையும் குறைச்சுக்கோ. காய், பருப்பு, முட்டை நல்லா சாப்பிடு. தினம் அரை மணி நேரம் வேகமா நட. உடம்பு மெதுவாத்தான் வழிக்கு வரும், விட்டுடாதே."

பெண்ணின் முகம் தெளிந்தது. "அப்பாதான் ரொம்ப பயந்துட்டிருக்கார். அவர்கிட்டயும் சொல்லிடுங்க மேடம்" என்று கதவைத் திறந்து அழைத்தாள்.

அப்பா தலையைக் குனிந்தபடியே உள்ளே வந்தார்.

"இதெல்லாம் செஞ்சா எம் பொண்ணுக்குக் குழந்தை பிறக்குமா மேடம்? பிறக்கலைன்னு நாளைக்கு ஒருத்தன் இவளை வீட்டை விட்டு அனுப்பிட்டான்னா?"

ஆலோசகரின் பேனா நின்றது. இருபத்திரண்டு வருஷமாகத் தூக்கத்திலும் அவரைத் துரத்திய குரல் அது. "மலடியோட என்னால காலம் தள்ள முடியாது" என்று சொல்லி அவருடைய பெட்டியை வாசலில் வைத்தவனின் குரல்.

ஆலோசகர் நிமிர்ந்தார். அவரைக் கண்டதும் அந்த மனிதரின் முகம் வெளிறிப்போனது.

பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. "சொல்லுங்க மேடம், பிறக்குமா?"

ஆலோசகர் அவள் கையைப் பற்றிக்கொண்டார்.

"நிறைய பேருக்குப் பிறந்திருக்கும்மா. எனக்கே ரெண்டு பிள்ளைங்க."