கடைசி கேசட்

ஒரு பழைய காமெடி சீரியலை அதை எடுத்த கம்பெனிக்காரன் கண்டபடி வெட்டிப் புதுசாக வெளியிட்டுவிட்டான். முதலில் டிவியில் வந்தது வந்தபடியே, விளம்பரம் உட்பட, வேண்டும் என்று ரசிகர்கள் சல்லடை போட்டுத் தேடினார்கள். ஒரு பெரியவர் அந்தக் காலத்திலேயே அதை வீடியோ கேசட்டில் பிடித்து வைத்திருந்தார்.

ரசிகர்கள் சார்பில் ஒரு டெய்லர் அவர் வீட்டுக்கு வந்தார். "துணியை வெட்டுற நானே அளவு பாத்துதான் வெட்டுறேன். அவனுங்களுக்கு என்னங்க ஐயா கேடு?"

பெரியவர் யாரையும் லேசில் நம்பமாட்டார். "கேசட்டு வாசப்படி தாண்டாது. இங்கேயே உக்காந்து காப்பி எடு. ஞாயித்துக்கிழமைக்கு ஒண்ணுதான்."

நம்பாதது பாதிக் காரணம்தான். காக்கா குருவிகூட எட்டிப் பார்க்காத வீடு அது. கேசட் தீர்ந்தால் டெய்லரும் வரமாட்டார்.

இன்று கடைசி கேசட். இருவரும் வயிறு குலுங்கச் சிரித்து முடித்தார்கள்.

"பரண் மேல இன்னும் ஒண்ணு ரெண்டு கிடக்கும்" என்று பெரியவர் கூசாமல் புளுகினார்.

"அதுக்கென்ன, வர்றேன்" என்று டெய்லர் காப்பி எடுக்கும் லேப்டாப்பைத் தூக்கினார். அதன் வயர் கேசட் பிளேயரில் செருகப்படாமலே சோபாவுக்குப் பின்னால் சும்மா தொங்கியது.

பெரியவர் பார்த்துவிட்டார். "என்னய்யா, காதுல பூ சுத்துறியா? இத்தனை வாரமா எதைக் காப்பி எடுத்தே?"

டெய்லர் தலையைச் சொறிந்தார். "நான் வர ஆரம்பிச்ச மறுவாரமே வேற ஒருத்தர்கிட்ட மொத்த சீரியலும் கிடைச்சிருச்சுங்க ஐயா."

"அப்ப உன் வீட்ல உக்காந்து பாத்துத் தொலைய வேண்டியதுதானே?"

"பாத்தேன். தனியா பாத்தா சிரிப்பே வர மாட்டேங்குது."