இன்னும் வரலைங்க

ஜெசிந்தாவின் மானிட்டர் காலையிலிருந்து இருண்டே கிடந்தது. வீட்டிலிருந்தே வேலை என்றான பிறகு அவள் யாரிடமும் வாய்விட்டுப் பேசிப் பல நாளாகியிருந்தது. அலுவலக உதவி எண்ணை அழைத்தாள். வேலப்பன் என்றொருவன் எங்கோ இருந்தபடி அவளுடைய லேப்டாப்புக்குள் நுழைந்து பார்த்தான்.

"லேப்டாப்பையும் மானிட்டரையும் இணைக்கிற டாக் பெட்டியில இருக்கிற வயரைக் கழற்றி மாட்டுங்க மேடம்."

மாட்டியதும் திரை பளிச்சென்று வந்துவிட்டது.

"இன்னும் வரலைங்க," என்றாள்.

வேறு துளையில் மாட்டச் சொன்னான். அணைத்துப் போடச் சொன்னான். எதையும் தொடாமல் அவள் "செஞ்சாச்சு" என்றாள்.

"அங்கே மழையா? சத்தம் கேக்குதே," என்றான் நடுவில்.

மழையைப் பற்றி நிறையப் பேசினாள். பேசிப் பழக்கம் விட்டுப்போன தொண்டை கரகரத்தது. பிறகு அவளுக்கே கூச்சமாகிவிட்டது.

"உங்க நேரத்தை வீணாக்கறேன்."

அவன் தயங்கினான். "லேப்டாப், மானிட்டர் ரெண்டு திரையும் எனக்கு இங்கே தெரியுது மேடம். அப்பவே வந்துடுச்சு."

ஜெசிந்தாவுக்கு முகம் சுட்டது. போனை வைக்கவும் கை வரவில்லை.

"லேப்டாப்புல டிரைவர் சாஃப்ட்வேர் ஒண்ணு பழசா இருக்கு," என்றான் அவன். "அதையும் பாத்துடலாமே. கொஞ்சம் நேரமாகும். பரவாயில்லையா?"

"பரவாயில்லை," என்றாள்.

அவள் கை படாமலே மவுஸ் அம்பு திரையின் குறுக்கே மெல்ல நகர்ந்தது.